ஜிம் தார்ப்: கார்லைல் பள்ளியின் மாணவர்

பந்தாடு களத்தில் இரு பள்ளிகள் எதிர்நிற்குங்கால், இரண்டும் ஒத்த நிலையின என்று கொண்டே நடுவர் ஊதுகுழலை ஊதுகின்றார். செல்வர் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளியாயினும், அரசாங்கப் பொருளால் நடைபெறும் பொதுப் பள்ளியாயினும், கோட்டுக்குள் வந்தபின் பதினொருவர் பதினொருவரே. ஆயினும் அக்கோட்டுக்கு வெளியே உள்ள ஏற்றத்தாழ்வுகள் உள்ளே வாராமல் நின்றுவிடுவதில்லை. ஆடத்தக்கவன் யார், தகாதவன் யார் என்று வகுப்பவர் எவர், அவ்விதியைக் காத்து நடத்தல் எவருக்கு எளிது, எவருக்கு அரிது என்ற வினாக்கள் ஒவ்வொரு பந்தயக் காலத்திலும் எழுதலை மாணவர் அறிவர். இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்தவர் ஜிம் தார்ப் என்னும் அமெரிக்க வீரர். அவர் வரலாற்றை ஈண்டுக் கூறப்புகுவாம்.

நம் பழைய பாடப் புத்தகங்கள் செவ்விந்தியர் என்று வழங்கிய அமெரிக்கப் பழங்குடிகளுள் ஸாக்-பாக்ஸ் என்பது ஒரு குலம். அக்குலத்தில், இக்காலத்தில் ஓக்லஹோமா இராஜ்யம் எனப்படும் நிலப்பகுதியில், 1887ஆம் ஆண்டு ஜிம் தார்ப் பிறந்தார். 1888 என்று கூறுவாரும் உளர். தந்தையார் ஹைரம், தாயார் சார்லட். இருவர் குருதியிலும் பழங்குடிக் கலப்பும் ஐரோப்பியக் கலப்பும் உண்டு. தாயார் இட்ட குலப்பெயருக்கு ஒளிமிக்க பாதை என்பது பொருள். உடன்பிறந்த இரட்டையரான சார்லி என்பவர் சிறு பிராயத்திலேயே நோயுற்று இறந்தார். அதன்பின் ஜிம்முக்குப் பள்ளி கசந்தது. ஒரு பள்ளியினின்றும் ஓடிவரும் பிள்ளையை அதனினும் தொலைவான பள்ளிக்கு அனுப்புவதே தந்தையார் கண்ட மருந்து. அவ்வாறு கான்ஸாஸ் நாட்டு ஹாஸ்கெல் பள்ளிக்கும், பின்னர் 1904ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியா நாட்டுக் கார்லைல் நகரத்துப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார். அதற்குள் தாயார் இறந்துவிட்டனர். தந்தையாரும் அவ்வாண்டிலேயே மறைந்தனர்.

கார்லைல் பள்ளியைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். அதனை அறியாதார்க்கு இவ்வரலாறு விளங்காது. 1879ஆம் ஆண்டில் பிராட் என்னும் இராணுவ அதிகாரி ஒருவர், படைவீரர் தங்கியிருந்த பழைய கொத்தளத்தில் அப்பள்ளியைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளை அவர்தம் குலத்தினின்றும் பிரித்து வெள்ளையர்போல் ஆக்குவதே அதன் நோக்கம். வந்த பிள்ளைகளின் நீண்ட கூந்தல் கத்தரிக்கப்பட்டது, தாய்மொழி பேசினால் தண்டனை, பெயரும் மாற்றப்பட்டது. காய்ச்சலாலும் காசநோயாலும் இறந்த பிள்ளைகள் பலர் பள்ளியின் இடுகாட்டிலேயே புதைக்கப்பட்டனர். அரசாங்கப் பள்ளியேயாயினும் மாணவர் பலர் தம் விருப்பத்தால் வந்தவரல்லர். ஹோபி குலத்து லூயி தெவானிமா என்பார், தம் குலத்தார் பள்ளியை எதிர்த்தமையால் கைதிபோலவே அங்குக் கொண்டுவரப்பட்டவர்; அவரே பின்னர் ஒலிம்பிக் பந்தயத்தில் பதினாயிரம் மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

கோடைக்காலத்தில் கார்லைல் மாணவர் அயலூர்ப் பண்ணைகளில் சொற்பக் கூலிக்கு வேலை செய்ய அனுப்பப்படுவது வழக்கம். தார்ப் அவர்களும் அவ்வாறு அனுப்பப்பட்டுச் சமையற்கட்டிலும் தோட்டத்திலும் உழைத்தார். மாணவன் கூலிக்குக் களை பறிப்பது கல்வியின் பகுதி என்று பள்ளித் தலைவர் கருதினர். இதனை நேயர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இப்பள்ளிக்கு உலகப் புகழைத் தேடித்தந்தது கால்பந்து. நாம் ஆடும் கால்பந்தன்று. பந்தைக் கையில் இடுக்கி ஓடியும், எதிரியை மோதி வீழ்த்தியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. கிளென் வார்னர் என்னும் பயிற்சியாசிரியர் 1899ஆம் ஆண்டில் கார்லைலுக்கு வந்தபின் அப்பள்ளி ஹார்வர்டு, பென்ஸில்வேனியா முதலிய பெரும் பல்கலைக்கழகங்களுடன் சமமாக நின்று ஆடியது. ஆயிரம் பேரளவே கொண்ட பள்ளி அது; அவருள்ளும் பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் பலர். எதிரே நின்றவை செல்வமும் தொன்மையும் வாய்ந்த தனியார் கழகங்கள். தம் ஊரில் பெரிய மைதானம் இன்மையாலும், வெளியூரில் திரளும் கூட்டத்தின் நுழைவுக் கட்டணத்தில் பங்கு கிடைத்தலாலும், கார்லைல் மாணவர் பெரும்பாலும் பிறர் ஊர்களிலேயே ஆடினர். வாரந்தோறும் புகைவண்டியிற் பயணம் செய்து களைத்த உடம்போடு ஆடுவது யாவர்க்கும் எளிதன்று.

எனினும் எதிர்த்தரப்பார் கூறிய குறைகளையும் மறைத்தல் நேர்மையாகாது. கார்லைல் கல்லூரியன்று, பாடத்தின் அளவால் உயர்நிலைப் பள்ளிக்கும் கீழே நின்றது. ஆனால் ஆட்டக்காரர் பலர் வயது முதிர்ந்தவர். மாணவர் இத்தனை ஆண்டே ஆடலாம் என்று பல கழகங்கள் வரையறை செய்திருந்த காலத்தில், கார்லைலில் அவ்வரையறை நெடுநாள் தளர்ந்தே இருந்தது. 1912ஆம் ஆண்டில் ஆடிய தார்ப் அவர்களுக்கே வயது இருபத்தைந்து. ஆட்டத்தால் வந்த பணம் விளையாட்டுச் சங்கத்தின் பெயரால் வார்னர் கையில் இருந்தது. அதனின்றும் ஆட்டக்காரர்க்குப் பணமும் வேறு சலுகைகளும் வழங்கப்பட்டன. 1903ஆம் ஆண்டு ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தை ஒருவர் சட்டையின் முதுகுப்புறத்தில் மறைத்துக்கொண்டு ஓடி வெற்றிக்கோட்டைக் கடந்ததும் வார்னர் கற்பித்த தந்திரமே. அக்காலத்து விதியில் அதற்குத் தடையில்லை. ஆயினும் ஆட்டத்தில் ஹார்வர்டே 12க்கு 11 என்ற கணக்கில் வென்றது. ஆக, இரு தரப்பிலும் நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம். செல்வக் கழகத்தார் வயதையும் விதியையும் சுட்டினர். கார்லைல் பிள்ளைகளோ தம் வீட்டினின்றும் குலத்தினின்றும் பிரிக்கப்பட்டவர்.

1907ஆம் ஆண்டில் தார்ப் மைதானத்தின் ஓரமாக வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, உயரத்தாண்டல் பழகுவோர் தாண்ட மாட்டாது விட்ட கம்பை வேலைக்குரிய முரட்டு உடையோடு தாண்டிவிட்டாரென்றும், அதனைக் கேட்ட வார்னர் அவரைத் தம் குழுவிற் சேர்த்தாரென்றும் கூறுவர். அவ்வாண்டிலேயே கால்பந்துக் குழுவிலும் இடம் பெற்றார்.

1909ஆம் ஆண்டுக் கோடையில் உடன்பயின்றார் சிலரோடு வட கரோலினா நாட்டிற்குச் சென்று, ராக்கி மவுண்ட் என்னும் சிற்றூர்க் குழுவில் பேஸ்பால் ஆடினார். மறு ஆண்டிலும் அந்நாட்டில் ஆடினார். அதற்காகப் பெற்றது மிகச் சிறு தொகை. கல்லூரி மாணவர் பலர் அந்நாளில் கோடையில் இவ்வாறு ஆடிப் பொருள் ஈட்டுவதுண்டு. ஆனால் அவர்கள் புனைபெயர் பூண்டு ஆடினர். அச்சூழ்ச்சியை அறியாத தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். அவ்வூர்ப் பத்திரிகைகளிலும் அப்பெயரே வெளிவந்தது.

1911ஆம் ஆண்டில் கார்லைலுக்குத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் ஹார்வர்டின் பெரிய மைதானத்தில் நிகழ்ந்த ஆட்டம் இன்றும் பேசப்படுவது. ஹார்வர்டின் பயிற்சியாசிரியர் கார்லைலை எளிதாக எண்ணித் தம் முதற்குழுவினரைத் தொடக்கத்தில் நிறுத்திவைத்தார். தார்ப் அவர்களின் காலிலோ கட்டு. நடத்தலே வருத்தந் தருவதாயிருந்தது. அக்காலாலேயே நான்கு முறை பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்திப் பன்னிரண்டு புள்ளிகள் பெற்றார். முடிவில் கார்லைல் 18, ஹார்வர்டு 15. மறு ஆண்டு வெஸ்ட் பாயிண்டு இராணுவக் கல்லூரியை 27க்கு 6 என்று வென்றனர். தோற்ற குழுவில் ஆடியவருள் ஒருவர் ஐஸன்ஹோவர். பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியானவர். பழங்குடிகளைப் போரில் வென்ற படையின் கல்லூரி, அப்பழங்குடிகளின் பேரப்பிள்ளைகளிடம் பந்தாட்டத்தில் தோற்றது என்று அந்நாள் கண்டோர் கருதியதில் வியப்பில்லை.

இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் இடையிலே 1912ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. தார்ப் ஐந்துபோட்டித் தொகுதியிலும் பத்துப்போட்டித் தொகுதியிலும் கலந்துகொண்டார். முன்னதில் நீளத்தாண்டல், 200 மீட்டர் ஓட்டம், தட்டெறிதல், 1,500 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கில் முதன்மை பெற்றார். ஈட்டியெறிதல் ஒன்றிலேயே பிறர் முந்தினர். பின்னது மூன்று நாள் நடந்தது. அதில் 8,412 புள்ளிகள் பெற்று, இரண்டாம் இடம் பெற்ற ஸ்வீடன் வீரர் வீஸ்லாண்டரை ஏறக்குறைய எழுநூறு புள்ளிகளால் பின்னிட்டார். போட்டியினிடையே அவர் பாதரட்சைகள் காணாமற்போக, எங்கோ தேடியெடுத்த பொருந்தாத இரண்டை அணிந்து ஆடினார் என்பர். அந்நாளைய புகைப்படம் ஒன்றில் இரு கால்களும் வெவ்வேறு தோற்றத்தோடு இருத்தலைக் காணலாம். ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் தம் கையாற் பரிசளித்து, உலகத்து வீரருள் இவரே தலையாயவர் என்று பாராட்டினாராம். நியூயார்க் நகரத்தார் ஊர்வலம் நடத்தி வரவேற்றனர்.

1913ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மாஸச்சூஸெட்ஸ் நாட்டுப் பத்திரிகை ஒன்று, தார்ப் கரோலினாவில் பணம் பெற்று ஆடிய செய்தியை வெளியிட்டது. ஒலிம்பிக் பந்தயங்கள் அக்காலத்தில் பொருள் கருதாது ஆடுவார்க்கே உரியன. அமெரிக்க விளையாட்டுச் சங்கத்தார் வினவ, தார்ப் பெயரால் கடிதம் ஒன்று சென்றது. தாம் பள்ளிப்பிள்ளையாய் உலக வழக்கு அறியாது நடந்ததாகவும், பிறர் செய்ததையே தாமும் செய்ததாகவும், ஆனால் அவர்கள்போல் பெயரை மறைக்கத் தெரியவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. அக்கடிதத்தை வகுத்தவர் வார்னரே என்று கருதுவார் பலர். தமக்கு இச்செய்தி முன்னரே தெரியாதென்று வார்னர் சாதித்தார். தம் பள்ளியின் சிறந்த ஆட்டக்காரன் ஈராண்டு எங்குச் சென்றான் என்பதை அவர் அறியாதிருந்தார் என்பதை நம்மால் நம்பக்கூடவில்லை.

சங்கத்தார் தார்ப் அவர்களைத் தள்ளிவிட்டனர். சர்வதேச ஒலிம்பிக் சபையாரும் அவர் பெயரைக் குறிப்பேட்டினின்றும் நீக்கிப் பதக்கங்களைத் திரும்பப் பெற்று, அடுத்த இடங்களிலிருந்த நார்வே நாட்டுப் பீ என்பவரையும், வீஸ்லாண்டரையும் முதல்வராக்கினர். மன்னர் அளித்த சிலையும், ருஷியச் சக்கரவர்த்தி அளித்த வெள்ளிக் கலமும் திரும்பின. அப்பந்தயங்களின் விதிப்படி ஒருவரது தகுதியைப்பற்றிய முறையீடு, பந்தயம் முடிந்து முப்பது நாட்களுக்குள் செய்யப்படல் வேண்டும். இம்முறையீடு எழுந்ததோ ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. விதியைக் காட்டி ஒருவரைத் தண்டித்தவர்கள் தம் விதியையே படித்துப் பார்த்தாரில்லை.

பொருள் பெறாது ஆடுதல் என்னும் இந்நெறியின் பிறப்பையும் சிறிது நோக்குதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹென்லி படகுப்பந்தயத்தை நடத்தியோர், கையால் உழைத்துக் கூலி பெறும் தொழிலாளி எவனும் பந்தயத்திற் சேரலாகாது என்று விதித்தனர். படகு ஓட்டிக் கூலி பெற்றவன் மட்டுமல்லன். தச்சனும் கொல்லனுங்கூட விலக்குண்டனர். ஓய்வும் செல்வமும் உடையார்க்கு இந்நெறி நோன்பன்று, இயல்பு. ஸ்டாக்ஹோமிலேயே அரசாங்கச் சம்பளம் பெறும் இராணுவ அதிகாரிகள் குதிரையேற்றத்திலும் வாட்போரிலும் கலந்துகொண்டனர்; பிற்காலத்தில் பெயர்பெற்ற சேனாபதி பாட்டன் அவருள் ஒருவர். அவர்கள் நாள்தோறும் பழகிய தொழிலே அது. அவரைக் குறைகூறுவார் இல்லை. கார்லைல் பிள்ளை பண்ணையில் களை பறித்துக் கூலி பெற்றாலும் குறையில்லை. கோடையில் பந்தாடிச் சிறு கூலி பெற்றதே பெருங்குற்றமாயிற்று. ஆயினும் விதியை எல்லார்க்கும் ஒருபடித்தாகக் காத்தல் வேண்டும் என்னும் கட்சியும் வலியற்றதன்று. பணம் பெற்றோரும் பெறாதோரும் ஒரு களத்தில் நின்றால் பின்னவர்க்கு இழைப்பது அநீதியே. தார்ப் காரியத்தில் நேர்ந்த கோணல் விதி இருந்ததிலன்று. பெயரை மறைத்தவர்கள் தப்பவும், மறைக்காதவர் சிக்கவும், ஆட்டத்தால் பெரும்பொருள் ஈட்டிய பெரியோர் ஒதுங்கிநிற்கவும் நேர்ந்ததில்தான்.

அப்பெரியோரும் நெடுநாள் ஒதுங்கி நிற்கவில்லை. 1914ஆம் ஆண்டில் கார்லைல் மாணவர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு அரசாங்கத்துக்கு முறையிட்டனர். தார்ப் அவர்களோடு ஆடிய கஸ் வெல்ச் என்பார் அதில் முன்நின்றார். அமெரிக்கச் சட்டசபையார் அமைத்த குழு நேரில் வந்து விசாரித்தது. விளையாட்டுப் பணம் கணக்கின்றிச் செலவிடப்பட்டமையும், மாணவர்பால் கடுமை காட்டப்பட்டமையும் வெளியாயின. பள்ளித்தலைவர் பதவி இழந்தார். வார்னர் வேறிடம் சென்று மேலும் புகழெய்தினார். 1918ஆம் ஆண்டில் பள்ளியே மூடப்பட்டது.

தார்ப் அவர்களின் பிற்கால ஆட்டங்களைச் சுருக்கிச் சொல்லலாம். தடை நீங்கிவிட்டமையால், 1913ஆம் ஆண்டிலேயே நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடத் தொடங்கினார். அக்குழுவினரோடு உலகைச் சுற்றிவந்தபோது 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பிலும் இறங்கினார் என்பது நம்மவர் அறியத்தக்கது. 1915ஆம் ஆண்டில் காண்டன் நகரக் கால்பந்துக் குழு ஆட்டமொன்றுக்கு 250 டாலர் கொடுத்து அவரை அமர்த்தியது. 1920ஆம் ஆண்டில் கால்பந்துக் குழுக்கள் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். அதுவே இன்று உலகிற் பெருஞ்செல்வம் கொழிக்கும் தேசிய கால்பந்துச் சங்கம். முதல் மனைவி ஐவா என்பவர் கார்லைலில் உடன்பயின்றவர். அவர்களின் தலைமகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அத்துயரம் அவரை விட்டு நீங்கவேயில்லை என்று அறிந்தோர் கூறுவர். குடிப்பழக்கமும் பற்றிக்கொண்டது.

நாற்பது வயதுக்குமேல் ஆட முடியாதபோது வறுமை வந்தது. 1930க்குப்பின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மண்வெட்டும் கூலிவேலையும் செய்தார்; சினிமாவில் சிறு வேடங்கள் பூண்டார். பழங்குடிப் பாத்திரங்களைப் பழங்குடி மக்களுக்கே தரல்வேண்டும் என்று அங்குப் போராடியவருள் அவரும் ஒருவர். 1932ஆம் ஆண்டில் அந்நகரிலேயே ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது அனுமதிச்சீட்டு வாங்க அவரிடம் பொருளில்லை என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. பந்தயங்களைத் தொடங்கிவைத்த உபஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ் தாமும் பழங்குடி வழிவந்தவராதலால் அவரைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார் என்பர்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் கூடி, அந்நூற்றாண்டின் முற்பாதியில் தோன்றிய வீரருள் இவரே தலையாயவர் என்று முடிவு செய்தனர். மறு ஆண்டில் இவர் வரலாறு சினிமாப் படமாக வெளிவந்தது. படத்தார் பெற்ற பொருளில் இவருக்குக் கிடைத்தது சொற்பமே. அவ்வாண்டிலேயே உதட்டில் தோன்றிய புற்றுநோய்க்குத் தருமச் சிகிச்சை பெறும் நிலையில் இருந்தார். 1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள் கலிபோர்னியா நாட்டில் மாரடைப்பால் மறைந்தார்.

அதற்கு முந்திய ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் சபைக்குத் தலைவரானவர் ஏவரி பிரண்டேஜ். இவர் ஸ்டாக்ஹோமில் இதே இரு தொகுதிகளிலும் தார்ப் அவர்களோடு போட்டியிட்டுப் பின்னடைந்தவர். இருபதாண்டு தலைமை வகித்தும் பதக்கங்களைத் திருப்பித்தர இசையவேயில்லை. அவர் காலம் கழிந்தபின், தார்ப் வரலாற்றை எழுதிய ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் முப்பது நாள் விதியடங்கிய பழைய நூலைத் தேடியெடுத்தனர். 1982ஆம் ஆண்டில் சபையார் இசைந்து, மறு ஆண்டு ஜனவரியில் புதிதாக வார்த்த பதக்கங்களை அவர் மக்களிடம் அளித்தனர். அப்போதும் இணை முதல்வர் என்ற பெயரே கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், பத்துப்போட்டி முடிந்து நூற்றுப்பத்து ஆண்டு நிறைந்த அன்று, அவரே தனி முதல்வர் என அறிவிக்கப்பட்டார். வீஸ்லாண்டர் தமக்கு ஒதுக்கிய முதன்மையை என்றும் ஏற்றுக்கொண்டதில்லை என்பதும் அவ்வறிவிப்பில் குறிக்கப்பட்டது.

அவர் உடலைப்பற்றிய வழக்கும் உண்டு. ஓக்லஹோமாவில் குலமுறைச் சடங்கு நடந்துகொண்டிருக்கையில் மூன்றாம் மனைவியார் உடலை எடுத்துச்சென்றார். பென்ஸில்வேனியாவில் நிலக்கரித் தொழில் நலிந்து வருந்திய இரு சிற்றூர்கள் 1954ஆம் ஆண்டில் ஒன்றாகி ஜிம் தார்ப் என்று பெயர் பூண்டு, உடலைப் பெற்று அடக்கம் செய்தன. மைந்தர்கள் அதனைக் குலத்தாரின் மண்ணுக்கு மீட்க வழக்காடினர். 2013ஆம் ஆண்டில் வென்று, மறு ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றனர். 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தார் வழக்கை ஏற்க மறுத்தனர். கார்லைலினின்றும் நூறு மைலளவில் உள்ளது அவ்வூர். கல்லறையைச் சுற்றி ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும் கொணர்ந்து இட்டிருக்கின்றனர்.